அன்ரியின் சீட்டுக் குலுக்கல்

கொட்டாஞ்சேனை அன்ரி பிடிக்கிற சீட்டில் மூன்று பேர் குறைந்து இப்போது பன்னிரண்டு பேர். எந்த மாதம் ஆருக்குக் காசு என்பதைத் துண்டு சுருட்டி, பால்மா ரின்னுக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பார். இந்த முறை, "தம்பி, நீ கொம்பியூட்டர்காரன்தானே, நீயே குலுக்கித் தா" என்றார்.

வெள்ளவத்தை பிளாட்டில் இருந்து ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரி தட்டினேன். பட்டியலை வரிசைப்படுத்து, 'எது முந்தி?' என்று கேட்டால் காசு சுண்டிப் பதில் சொல். பத்தாயிரம் தடவை ஓடவிட்டால், முதல் பெயர் தன் பங்கைவிடக் கூடுதலாக முதலிடத்தில் குந்தியிருக்கிறது. அது அன்ரியின் பெயர்! (2010இல் ஐரோப்பாவுக்கான பிரவுசர் தெரிவுத் திரையில் மைக்ரோசாப்ட் மாட்டியதும் இதே வரியில்தான்.)

சரி, ஒவ்வொரு பெயரையும் ஏதோ ஒரு இடத்தோடு மாற்றிப் பார்ப்போமா? அதுவும் பிழை. மூன்று பெயர்தான் என்று வைத்தால் 3×3×3, 27 வழி, ஆனால் வரிசைகள் ஆறுதான். 27ஐ ஆறு வரிசைக்குச் சமமாகப் பங்கிட ஏலாது.

புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் 1938இல் சொன்னது அன்ரியின் ரின்தான்: எடுத்த துண்டைத் திரும்பப் போடாதே. அதையே கொம்பியூட்டரில் செய்தால், கடைசி இடத்துக்கு மிச்சமுள்ளவற்றில் ஒன்று, பிறகு அதற்கு முந்திய இடத்துக்கு. 3×2×1, ஆறு வழி, ஆறு வரிசை. பைத்தனின் ஷஃபிள் செய்வதும் இதுதான்.

திருத்தி அனுப்பினேன். அன்ரிக்குப் பதினோராம் மாதம்.

"ரின்னிலயே போட்டிருக்கலாம்" என்று வொய்ஸ் வந்தது.