விரிசல் கணக்கும் வியர்வைக் கணக்கும்

'வீட்டைக் கட்டிப்பார்; கலியாணத்தைச் செய்துபார்' என்றனர் முன்னோர். அல்லல் உண்டு என எச்சரித்தனர். அந்த அல்லலை அளந்து, எழுதி, தீர்த்துக்கொள்ளும் வழியைச் சொன்னாரில்லை. விளைந்த கேட்டை ஊர்தோறும் காண்கிறோம், தோழர்களே! சுவர் பிளந்தால் ஒருவன் தலைவிதி என்று முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு முடங்குகிறான். மற்றொருவன் 'ஒரு காசும் தரமாட்டேன்' என்று கதவடைக்கிறான். முன்னவன் ஏமாளி. பின்னவன்? அவன் யார் வயிற்றில் அடிக்கிறான் என்பதுதான் கேள்வி!

மாஞ்சோலை மலைமேல் கொழுந்து பறித்த குடும்பம் எம்முடையது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பெனி பெற்ற காடு அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எங்கும் தொழிலாளர் குடியிருந்தது கம்பெனியின் லயன் வீடுகளில். வேலை போனால் வீடும் போகும்! 2024இல் தோட்ட வேலை நின்று, விருப்ப ஓய்வு என்ற பெயரில் கணக்கு முடிக்கப்பட்டபோது, பலர் கையிலிருந்தது ஒரே ஒரு தொகை. அந்தத் தொகைதான் வாழ்நாள் உழைப்பின் எச்சம். அதைக் கொண்டு எம் தந்தையார் அம்பாசமுத்திரத்தருகே பழைய வீடொன்றை வாங்கினார். அதைப் பழுதுபார்க்க ஒப்பந்தக்காரர் ஒருவரை அமர்த்தினோம். பேசிய தொகை 2,40,000 ரூபாய். வேலை நடக்க நடக்கக் கொடுத்தது 1,80,000. எல்லாம் எழுத்தில் இருந்தது.

ஐப்பசி மழை வந்தது. தளம் ஒழுகியது. சுவர்ப் பூச்சில் விரிசல் ஓடியது; தட்டினால் பொள்ளல் ஓசை கேட்டது. ஒப்பந்தக்காரரோ மீதி 60,000 ரூபாயைக் கேட்டு வந்து நின்றார். விரிசலைக் காட்டினோம். "அண்ணாச்சி, ஈசானிய மூலை சரியில்லை. ஒரு பரிகாரம் செய்தால் சரியாகிவிடும்" என்றார் தந்தையாரிடம்.

சிமிட்டி காய்ந்து இறுகுவதன்று. நீரோடு வினைபுரிந்து இறுகுவது. ஆகவேதான் காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமிட்டியானால் 10 நாள், ஈரம் காக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி கூறுகிறது. இவரது ஆட்கள் தண்ணீர் விட்டது இரண்டே நாள். ஏழு நாள் தண்ணீர் ஊற்றாதவர், ஏழரை நாட்டுச் சனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்! சகுனத்தின்மேல் பழி போட்டால் சாட்சி தேவையில்லை. சனீசுவரன் மறுப்பு மனுப் போடமாட்டான் அன்றோ?

நாம் சண்டையிடவில்லை. இரு தரப்புக்கும் உறவில்லாத பொறியாளர் ஒருவரை அழைத்தோம். தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்த்து, எந்தக் குறை, எந்த இடம், திருத்த என்ன செலவு என அவர் எழுதித் தந்தார். தேதியோடு படமெடுத்தோம். 'இக்குறைகளை 30 நாளில் திருத்துக. திருத்தியபின் மீதி தரப்படும்' என்று ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பினோம்.

இதற்கிடையில்தான் சித்தாள் வேலை செய்த பெண்கள் இருவர் வாசலுக்கு வந்தனர். "அக்கா, ஒன்பது நாள் கூலி வரவில்லை. வீட்டுக்காரர் பணம் தரவில்லை என்கிறார் மேஸ்திரி" என்றனர் எம் தாயாரிடம்.

உறவினர் சிலர் சொன்னார்கள்: "அது அவர்கள் பாடு. இப்போது காசு கொடுத்தால் உன் வழக்குக் கெடும்!"

கேட்டீர்களா நியாயத்தை! மணலில் மண் கலந்தது அந்தப் பெண்களா? தண்ணீரை நிறுத்தச் சொன்னது அவர்களா? கூலி கேட்டதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை மாஞ்சோலைக்காரர்க்குப் பிறர் சொல்ல வேண்டுமா? 1999 ஜூலை 23 அன்று, கூலிப் போராட்டத்தில் சிறையிடப்பட்டோரை விடுவிக்கக் கோரி நெல்லையில் பேரணி சென்றனர். காவல்துறையின் தடியடியைத் தொடர்ந்து 17 உயிர்கள் தாமிரபரணியில் மாண்டன. ஒரு குழந்தையும் அதில் அடக்கம். அந்த ஆற்றங்கரையில் குடியேறிய நாம், பிறர் கூலியைப் பிணையாகப் பிடித்து வைப்பதா?

நாளுக்கு 600 வீதம் இருவர்க்கும் சேர்த்து 10,800 ரூபாயை எம் தாயார் அவர்கள் கையிலேயே கொடுத்தார். இரசீதில் அவர்கள் கையொப்பமிட்டனர். மீதித் தொகையில் அதைக் கழித்துக்கொள்வதாக ஒப்பந்தக்காரரும் எழுதிக் கையொப்பமிட்டார். வழக்குக் கெடவில்லை, வலுத்தது. 'வீட்டுக்காரர் தரவில்லை' என்ற கேடயம் அவர் கையிலிருந்து நழுவிற்று!

பிறகு அவர் தளத்தைத் திருத்தினார். பூச்சைத் திருத்த மறுத்தார்; அதற்குப் பொறியாளர் குறித்த 9,000 ரூபாயைக் கழித்தோம். எஞ்சிய 40,200இல் 30,200ஐ உடனே கொடுத்தோம். 10,000ஐ அடுத்த மழை கழிந்தபின், தளம் ஒழுகாதது கண்டு கொடுத்தோம். எழுதியபடியே எல்லாம் முடிந்தது.

முடியாமற் போயிருந்தால்? நுகர்வோர் சட்டம் இருக்கிறது. வீடு கட்டித் தரும் பணி 1993 முதல் அச்சட்டத்தின்கீழ்ச் சேவையாகும். 2020 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. கொடுத்த தொகை 5 இலட்சம் வரையானால் கட்டணமும் இல்லை. குறை தோன்றிய இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர். ஆங்கே கேட்பது கண்ணீரை அன்று; காகிதத்தை!

ஆகவே இளைஞர்களே! உங்கள் தெருவில் ஒரு வீடு பழுதுபார்க்கப்படும்போது, எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் கட்டுமுன் ஒப்பந்தத்தை எழுதச் சொல்லுங்கள். எந்த வேலை முடிந்தால் எவ்வளவு என்று வரிசைப்படுத்துங்கள். ஒரு மழை காணும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைக்க முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். நாட்கூலி அன்றன்று சேர்கிறதா என்று கேளுங்கள். குறை செய்தவரிடம் கணக்குக் கேட்பது உரிமை. உழைத்தவரிடம் அக்கணக்கைத் தீர்த்துக்கொள்வது கொடுமை. விரிசலுக்குரியதை விரிசல் விட்டவரிடம் கழியுங்கள். வியர்வைக்குரியதை வியர்வை உலருமுன் கொடுங்கள்!