சின்னதாப் பிறந்தது யார் தப்பு?



பிரேயர் வரிசையில் எங்க வகுப்புக்கு முதல் ஆளா நிக்கிறது யாருன்னு உங்களுக்கே தெரியும். என் உயரம் 138 செ.மீ. "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்று தமிழம்மா சொல்வாங்க. பசங்க வேற பேர் சொல்வாங்க, அதை இங்க எழுதல.

நான் பத்து மாசம் முடிஞ்சுதான் பிறந்தேன். ஆனா எடை 1 கிலோ 800 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தாலே எடை குறைந்த குழந்தை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊர்ல எல்லாரும் அம்மாவைத்தான் சொல்லுவாங்க, "மாசமா இருக்கும்போது ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா"ன்னு. அம்மா பதிலே பேசாது. உண்மை என்னன்னா அம்மாவுக்கு அப்போ பிரஷர் இருந்துச்சு. அப்படி இருந்தால் நஞ்சு வழியாகக் குழந்தைக்குப் போகிற ரத்தம் குறைஞ்சிடுமாம். அம்மா எவ்வளவு சாப்பிட்டாலும் எனக்கு வந்து சேர்ந்திருக்காது. நர்சம்மா எங்க திண்ணையில உட்கார்ந்து சொன்னப்புறம்தான் அப்பத்தாவுக்கே புரிஞ்சுது.

இப்போ எதுக்கு இதை எழுதுறேன் என்றால், மூணு மாசத்துக்கு முன்னாடி எங்க அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதுவும் 1 கிலோ 900 கிராம்தான். பாப்பாவும் என்னை மாதிரியே ஆயிடுமோன்னு அக்கா அழுதுச்சு. அதனால அறிவியல் டீச்சர்கிட்டயும் பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. தூங்கும்போது அதிகமாகச் சுரக்கும். அது கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனை உண்டாக்கும். இரண்டும் சேர்ந்து எலும்பு நுனியில் உள்ள குருத்தெலும்பை வளர வைக்கும்.

சின்னதாப் பிறந்த பத்துக் குழந்தைகளில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் இரண்டு வயசுக்குள்ள மத்தவங்களை எட்டிப் பிடிச்சிடுவாங்க. மிச்சம் ஒருத்தர்தான் என்னை மாதிரி. அவங்கள்ல நிறையப் பேருக்கு ஹார்மோன் இல்லாமல் இல்லை. வாய்க்கால்ல தண்ணி வந்தும் வயல்ல சரியாப் பாயாத மாதிரி, உடம்பு அதை முழுசா எடுத்துக்காது.

இதற்கு ஊசி இருக்கிறது. 1985 வரைக்கும் இந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்களாம்! அதனால சிலருக்கு மூளை நோய் வந்து இறந்துபோகவே, நிறுத்திட்டாங்க. இப்போ பாக்டீரியா மாதிரி நுண்ணுயிரிகளை வச்சுத் தயாரிக்கிறாங்க. சின்னதாப் பிறந்து வளராத பிள்ளைகளுக்குப் போடலாம் என்று அமெரிக்கா 2001-லும் ஐரோப்பா 2003-லும் அனுமதி கொடுத்தன. பெரும்பாலும் தினம் ஒரு ஊசி, வருஷக்கணக்கில். விலையும் ரொம்ப அதிகம்.

ஆனால் எலும்பு நுனி மூடிக்கிட்டா அப்புறம் ஊசி போட்டும் உயரம் கூடாது. என் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, "கிட்டத்தட்ட மூடிடுச்சும்மா" என்று டாக்டர் சொன்னார். பஸ்ல வரும்போது அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துட்டு வந்துச்சு. நான்தான் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

பாப்பாவுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான். சீக்கிரம் குண்டாக்கணும்னு கண்டதையும் ஊட்டக் கூடாது. சின்னதாப் பிறந்து வேகமாகக் குண்டாகிறவங்களுக்குப் பின்னாடி சர்க்கரை, பிரஷர் வர வாய்ப்பு அதிகம். எடை மட்டும் பார்த்தால் போதாது, நீளமும் அளக்கணும். பாப்பா பிறந்தப்போ 44 செ.மீ. போன வாரம் 55 செ.மீ. காலண்டர்ல நான்தான் குறிச்சு வைக்கிறேன். இரண்டு வயசு முடிஞ்சும் எட்டிப் பிடிக்கலைன்னா உடனே டாக்டர்கிட்ட காட்டணும்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்.

நண்பர்களே, உங்க வீட்லயோ தெருவுலயோ இப்படி ஒரு குழந்தை இருந்தால் அதோட அம்மாவைக் குறை சொல்லாதீங்க. ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி