செம்புக் கம்பியும் கண்ணாடி இழையும்

தொலைபேசி என்றால் சுவரிலிருந்து வரும் ஒரு கம்பி. அதற்குமேல் அதில் அறிவதற்கு என்ன இருக்கிறது என்பது எங்கள் உம்மாவின் எண்ணம். 81 வயதில் ஊர்வீட்டில் தனித்திருக்கும் அவர்களுக்குத் துபாயிலுள்ள காக்காவின் குரல் வந்து சேரவேண்டும். அது எவ்வழியாக வருகிறதென்று ஆராய வேண்டியவர்கள் பிள்ளைகளாகிய நாங்கள்தாம்.

சென்ற ஆண்டு பழைய செம்புக் கம்பியை அகற்றிவிட்டுக் கண்ணாடி இழையைப் பொருத்திச் சென்றார்கள். அன்றுமுதல் மின்சாரம் நின்றால் தொலைபேசியும் ஊமையாகிவிடுகிறது. இதனை முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எவரும் சொல்லவில்லை.

பழைய இணைப்பில் இரண்டு செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கியபடி வரும். முறுக்குவது அழகுக்காக அன்று. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் படிந்து, முடிவில் கழிந்துபோகும். தொலைபேசி கண்ட கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். கணினிக்குரிய எட்டுக் கம்பி வடத்திலும் நான்கு சோடிகளாக இதே முறுக்கைக் காணலாம். அந்தச் செம்புக் கம்பியிலேயே தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. ஆகவே ஊரே இருளில் கிடந்தபோதும் உம்மாவின் தொலைபேசி மணியடித்தது.

கண்ணாடி இழையோ ஒளியை மட்டுமே சுமக்கும். அவ்வொளியைக் குரலாக மாற்றும் மோடத்துக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். அதன் பச்சைநிற முனை 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது. நீலநிற முனையோடு அதைப் பொருத்தினால் ஒளி வீணாகும். பேரப்பிள்ளைகள் கழற்றி உள்ளே உற்றுப் பார்க்கவிடலாகாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கேடு செய்யவல்லது.

மோடத்தின் பின்புறத்தில் இருவகைத் துளைகள் உள்ளன. தொலைபேசிக்குரியது சிறியது, கணினிக்குரியது பெரியது. சிறிய முனை பெரிய துளைக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதுதான் வம்பு. மணியடிக்கும் வேளையில் தொலைபேசிக் கம்பியில் சில பத்து வோல்ட் மாறுமின்னழுத்தம் பாயும். கணினியின் துளை அதற்காகச் செய்யப்பட்டதன்று. எனவே இரண்டிலும் காகிதம் ஒட்டி, உம்மாவுக்குத் தெரிந்த அரபுத்தமிழ் எழுத்திலேயே லாத்தா எழுதிவைத்தார்கள்.

மின்சாரம் நிற்கும் நேரத்துக்கென்று மோடத்தோடு இணைக்கும் சிறிய மின்கலப் பெட்டியொன்றை வாங்கினோம். அதன் உருண்டை முனைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் எங்கள் மோடத்துக்கு வேண்டியது 12 வோல்ட், சில மோடங்களுக்கு 9. முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்பதையும், எத்தனை ஆம்பியர் என்பதையும் மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் பார்த்தே கடைக்காரரிடம் கேட்கவேண்டும். "எல்லாம் ஒண்ணுதான் பாய், கொண்டுபோங்க" என்றார் முதற்கடைக்காரர். இரண்டாவது கடைக்குப் போனோம்.

மூன்று மணி நேரம் தாங்குகிறது. ஐப்பசி மழைக்கு அது போதாதென்று லாத்தா சொல்கிறார்கள். உம்மாவின் தலைமாட்டில் ஒரு கைப்பேசியையும் மின்னேற்றி வைத்திருக்கிறோம்.