பழைய பாடம்

சேரப்பணஞ்சேரியில் நான் குடியேறி மூன்றாண்டுகள் ஆகின்றன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலுள்ள இவ்வூர், ஒரகடத்துத் தொழிற்சாலைகளை நாடிவரும் என் போன்ற வெளியூராருக்கு வாடகை அறை தரும் ஊர். கீழக்கரைத் தமிழை மட்டுமே அறிந்த எனக்கு, ஆலையின் பலகைகளிலும் அட்டைகளிலும் இருந்த ஆங்கிலம் பெருஞ்சுவராய் நின்றது.

நாளொன்றுக்கு இருபது சொற்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நாற்பது முறை உரக்கப் படித்தேன். உறங்கும் வரையில் எல்லாம் நாவிலேயே நின்றன. ஒரு வாரம் கழிந்தது. 'ரிடெய்ன்' என்ற அட்டை தொங்கிய உதிரிப் பாகங்களை, 'ரிட்டர்ன்' என்றெண்ணித் திருப்பி அனுப்பும் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஆய்வுக்காக வைத்திருக்க வேண்டிய மாதிரிகள் அவை! மேற்பார்வையாளர் கடிந்துகொண்டதைவிட, 'வைத்துக்கொள்' என்னும் பொருளுடைய சொல்லையே மனத்தில் வைத்துக்கொள்ள இயலாமற் போனதுதான் என்னை நாணச் செய்தது.

அன்றிரவு தொலைபேசியில் தம்பியிடம் புலம்பினேன். அவன் மத்ரஸாவில் குர்ஆனை மனனம் செய்பவன்.

"காக்கா, ஒரே ராத்திரியில நாற்பது தடவை ஓதினா நிக்குமா? எங்க உஸ்தாத் புதுப் பாடத்தோட நேத்துப் பாடத்தையும் கேப்பாங்க, போன மாசப் பாடத்தையும் விடமாட்டாங்க" என்றான்.

அவன் சொன்னதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டென்று பின்னர் அறிந்தேன். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து ஆராய்ந்து 1885-இல் நூலாக்கினார். கற்றவுடன் மறதி விரைந்து வரும். பின்னர் அதன் வேகம் தணியும். ஒரே மூச்சில் படிப்பதினும் நாள்களில் பிரித்துப் படிப்பதே நிலைக்கும். இதனை 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் ஓர் அட்டைப்பெட்டி முறையாக்கினார். சரியாக நினைவுகூர்ந்த அட்டை அடுத்த அறைக்குச் சென்று, கூடுதல் நாள் கழித்தே திரும்பும்; தவறிய அட்டை முதல் அறைக்கே மீளும். இன்று கைப்பேசியில் 'ஆங்கி' போன்ற செயலிகள் இவ்வேலையைச் செய்கின்றன.

நான் பழைய காலணிப் பெட்டியொன்றை ஐந்து அறைகளாகத் தடுத்தேன். 1, 3, 7, 15, 30 நாள்கள் என்பது என் கணக்கு. நாளுக்கு ஐந்தே புதுச் சொற்கள். பொருளைப் புரட்டிப் பார்க்குமுன் மனத்தைத் தேடச் செய்வேன். அத்தேடலே சொல்லை ஊன்றுகிறது. 'ரிடெய்ன்' இருமுறை முதல் அறைக்குத் திரும்பியது. இப்போது மாதம் ஒருமுறையே அதனைச் சந்திக்கிறேன்.

தேர்வுக்கு முந்திய இரவெல்லாம் கண்விழிக்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் உண்டு. அவர்களிடம் இன்று என்ன படித்தாய் என்று கேட்பதோடு நில்லாமல், சென்ற வாரம் படித்ததையும் ஐந்து நிமிடம் கேளுங்கள். மறப்பது குற்றமன்று, மறக்குமுன் திரும்பிப் பாராததே நம் குறை.