துபாய்க்கு ஒரு பேலன்ஸ் ஷீட்

"துபாயில் வேலை வந்திருக்கு, போகலாமா?" என்று யார் கேட்டாலும் சரி, பி.காம். படித்த தோஷம், நடுவில் கோடு கிழித்து வரவு-பற்று எழுத ஆரம்பித்துவிடுவேன்.

முதலில் வரவு. சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. (ஆஹா!) திர்ஹாம் 1997-லிருந்து டாலரோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறது. டாலருக்கு 3.6725. ரூபாய் சறுக்கினால் ஊருக்கு அனுப்பும் பணம் தானாகவே குண்டாகிவிடும். கராமா பக்கம் போனால் சாம்பார் வாசனை. டிசம்பர், ஜனவரியில் இதமான குளிர்.

இனி பற்று. ஜூன் பிறந்தால் பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும்! ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆறு கிடையாது, கடல் நீரில் உப்பைப் பிரித்துத்தான் குடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் 2024 ஏப்ரல் 16-ம் தேதி கொட்டிய மழையில் விமான நிலையமே குளமாச்சு!

இதெல்லாம் பழகிடும். பழகாதது வேறு. சாதாரணச் சம்பளக்காரருக்கு விசா என்பது வேலையோடு ஒட்டிப் பிறந்தது. வேலை போய், கொடுத்த அவகாசத்துக்குள் இன்னொன்று கிடைக்காவிட்டால், மூட்டை கட்ட வேண்டியதுதான். குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹாமாவது வேண்டும். அல்லது 3,000-மும் தங்க இடமும். அதற்குக் கீழே வாங்குகிறவருக்கு ஒரு கட்டில்தான் வீடு. பிள்ளை வளர்வது செல்போனில்தான் தெரியும். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதனால் என் யோசனை: தாராளமாகப் போங்கள். ஆனால், திரும்பி வரும் வருஷத்தை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேதி போடாத பேலன்ஸ் ஷீட் செல்லாது, சார்!