அடுப்போரத்துப் பயறு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

சென்ற ஆடி மாதம் செய்முறை வகுப்பில் ஆளுக்கு இருபது பச்சைப்பயறு கொடுத்தார்கள். ஈரப் பஞ்சில் பரப்பி, முளைப்பதைக் குறித்துவர வேண்டும். இரண்டு நாளாகியும் என் பங்கில் மூன்றுதான் கண் திறந்திருந்தன. 'விதை தரமற்றது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, மிச்சப் பயற்றைப் பொட்டலமாகக் கட்டி நெல்லியாளத்துக்கு எடுத்துச் சென்றேன்.

"பயறு மொளைய வைக்கவா ஒன்னய காலேசுக்கு அனுப்புனோம்?" என்று அப்பாயி சிரித்தார். சுருக்கென்றது எனக்கு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் படிப்புக்காக அம்மா காய்ச்சலோடும் கொழுந்து பறிக்கப் போகிறார்.

அப்பாயி அந்தப் பயற்றை இரவு ஊறவைத்துக் காலையில் பழந்துணியில் முடிந்து அடுப்போரம் வைத்தார். மறுநாள் அவிழ்த்தால் அத்தனையும் வால் நீட்டியிருந்தன! "வெதை கெடல, அதுக்குக் குளிருது" என்றார்.

1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கியவர் அவர். தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அட்டன் பக்கத்து லயத்தில் பழகிய பக்குவம் இது. சிங்களவர் பயறு கலந்து செய்யும் முங் கிரிபத் என்ற பால்சோற்றையும் அவர் அங்கேதான் கற்றார். இங்கே அண்டை வீட்டு மலையாளிகளுக்குக் கஞ்சியோடு செறுபயர் இல்லாமல் முடியாது. நமக்கோ வெண்பொங்கல், ஆந்திரருக்குப் பெசரட்டு. இந்தோனேசியாவில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கஞ்சி வைக்கிறார்கள். சீனர் அதன் மாவுச்சத்தில் கண்ணாடி போன்ற சேமியா செய்வதோடு, இருட்டில் முளைகட்டி நீண்ட வெண்தண்டையும் சமைக்கிறார்கள். இத்தனைபேர் உண்ணும் இந்தப் பயறு எங்கள் மழைக்கும் குளிருக்கும் விளைவதில்லை. சமவெளியிலிருந்துதான் ஏறி வரவேண்டும்.

காய்ந்த பயற்றில் வைட்டமின் சி இல்லையென்றே சொல்லலாம். முளைக்கும்போதுதான் அது உண்டாகிறது. காய்கறி வாங்கக் கையில் காசில்லாத மழை மாதங்களில் அப்பாயி எங்களுக்கு முளைப்பயறு கொடுத்தே வளர்த்தார். வைட்டமின் என்ற சொல் அவருக்குத் தெரியாது. பள்ளி நாளில் அந்தச் சோற்று டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு தின்றவன் நான்.

பதிவேட்டில் 'தரமற்றது' என்பதை அடித்துவிட்டு, 'வெப்பம் போதவில்லை' என்று எழுதினேன். அடுப்போரத்து முளையையும் வரைந்தேன். பேராசிரியர் கேட்டபோது, "எங்கள் அப்பாயி செய்தது" என்றேன்.

மாலையில் அதை அப்பாயியிடம் காட்டினேன். எழுத்தறியாதவர், படத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"வாலு இன்னுங் கொஞ்சம் நீளமால்ல இருந்துச்சு?" என்றார்.