உறக்கத்தின் மீது ஒரு வழக்கு

1811 செப்டெம்பர் 30ஆந் திகதி, பாரிசிலிருந்த தம் இல்லத்திலேயே ஆங்கில நாவலாசிரியை ஃபனி பேர்னியின் வலது மார்பகம் அகற்றப்பட்டது. அறுத்தவர் நெப்போலியனின் படை வைத்தியரான லாரே. வலியை மறக்க அளிக்கப்பட்டது சிறிது மதுக்கலவை மட்டுமே. முகத்தின்மேல் விரித்த மெல்லிய துணியினூடாக உருக்கின் மினுக்கத்தைக் கண்டதையும், கத்தி ஓடிய நேரமெல்லாம் அலறியதையும் அவர் தம் தமக்கைக்கு நீண்ட கடிதமாக வரைந்தார். மாதங்கள் கழிந்தும் அதனை மீளப் படிக்கும் துணிவு அவருக்கு வரவில்லை. பொஸ்ரன் நகரில் மோர்ட்டன் ஈதரின் பயனை மருத்துவ உலகுக்குக் காட்டியது 1846இல். பேர்னி மறைந்து ஆறாண்டுகளின் பின்னர்.

அத்தகைய வரத்தின் மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டமை வியப்பே. புற்றுக்கட்டியை அகற்றுங்கால் அதன் கலங்கள் சில குருதியிற் கலந்துவிடக் கூடும். அவற்றைத் தேடியழிக்கும் காவலருள் முக்கியமானவை, 1970களில் இனங்காணப்பட்ட இயற்கைக் கொல்கலங்கள். செவோபுளுரேன் போன்ற ஆவி மருந்துகளும் மோர்பீனும் இக்கலங்களின் வலுவைத் தளர்த்துவதை ஆய்வுகூடங்கள் காட்டின. நோயாளியை உறங்கவைத்த மருந்து, அவர் உடலின் காவலையும் உறங்கவைத்ததோ? நோய் மீண்ட ஒருவரின் உறவினருக்கு இது வெறும் ஏட்டு வினாவன்று.

ஆயினும், கூண்டில் நிறுத்த வேண்டியது மருந்தை மட்டுமன்று. காயமும் வலியும் அச்சமும் அதிரினலினையும் கோட்டிசோலையும் பெருகச் செய்கின்றன. அவையும் அதே காவலரையே ஒடுக்குகின்றன. மயக்கமின்றி அறுக்கப்பட்ட பேர்னியின் காவலர் முழு விழிப்புடன் இருந்தனர் எனக் கருதுவது பேதைமை.

ஆதலின், முள்ளந்தண்டின் அருகே நரம்புகளை மரக்கச் செய்து, ஆவி மருந்தையும் மோர்பீனையும் குறைக்கும் முறை நம்பிக்கை தந்தது. பழைய பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த சிற்றாய்வொன்று, மார்பகப் புற்றுநோயில் அம்முறை பெற்றோருக்கு நோய் மீள்வது குறைவெனக் கூறவும் செய்தது. ஆராயப்பட்டோர் 129 பேரே. பின்னர், பல நாடுகளில் 2,108 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய பரிசோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது. இரு பிரிவிலும் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் நோய் மீண்டது. வேறுபாடில்லை.

எத்துணை அழகிய கருதுகோள்! சில மணிநேரம் தளர்ந்த கலங்களைக் கண்டு பல்லாண்டு வாழ்வைக் கணிக்க விரைந்தனர் போலும். மார்பகச் சத்திரசிகிச்சையின் காயம் ஒப்பளவிற் சிறியதென்பது உண்மையே. பெரிய சத்திரசிகிச்சைகள் பற்றிய ஆய்வுகள் இன்னும் தொடர்கின்றன. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரையிலாவது, எம்மருந்தால் மயக்கினார்கள் என்று எண்ணி அந்த உறவினர் உறக்கம் இழக்க வேண்டியதில்லை.